பதினொரு மணிக்கு அணையும் பச்சை விளக்கு

அத்தியாயம் ஆறு

"கேஸ் முடிஞ்சு போச்சு மாப்ளே. ஷெட்டுக்குப் போன பஸ்ஸில எதுக்கு ஏறுறோம்?"

கண்டக்டர் கேட்டது நியாயமான கேள்விதான். வயர்மேன் கருவிப் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, பல் டாக்டரம்மா வீட்டு மணியை அழுத்தினார்.

"ஹப்புக்கு சுவிட்ச் இல்லாம நேர் கனெக்‌ஷன் கொடுத்துட்டு, நம்ம கடிகாரத்தை எடுத்துட்டு வந்துடலாம் மச்சான். பத்து நிமிஷ வேலை."

"நீ பத்து நிமிஷம்னு சொன்னா நான் மதியச் சாப்பாட்டை மறந்துட வேண்டியதுதான்."

வயர்மேன் முப்பது வருஷம் வீடுகளுக்கு ஒயர் இழுத்தவர். சுவருக்குள் எந்தக் கம்பி எங்கே வளைகிறது என்று கையால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். முழங்கால் இனி ஏணி ஏறமாட்டேன் என்று சண்டித்தனம் செய்த பிறகு, மனுஷர்கள் எங்கே வளைகிறார்கள் என்று பார்க்கும் தொழிலுக்கு வந்தார். மனைவியின் அண்ணன் கண்டக்டர், பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்றதும் அவரோடு சேர்ந்துகொண்டார். வாய்க்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை.

இந்த வீட்டு வழக்கு பார்க்கச் சின்னது. வாசல், கூடம், சமையலறை, பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவின் அறை என்று நாலு இடத்தில் டாக்டரம்மா கேமரா வைத்திருந்தார். நாலும் ஒயர் இல்லாதவை. அவை பார்ப்பதையெல்லாம் ஹப் என்கிற ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியிடம் சொல்லும். அந்தப் பெட்டி வைஃபை வழியாக டாக்டரம்மாவின் செல்போனுக்குச் சொல்லும். கிளினிக்கில் ஒரு வாயை மூடச் சொல்லிவிட்டு அடுத்த வாயைத் திறக்கச் சொல்வதற்குள், அவர் போனில் வீட்டை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். பதினைந்து நாளாக, தினமும் பதினொரு மணி சுமாருக்கு ஹப்பின் பச்சை விளக்கு அணைந்தது. நாலு கண்ணும் ஒரே நேரத்தில் அவிந்தன. இருபது, இருபத்தைந்து நிமிஷம் கழித்துத் தானாக உயிர் வந்தது.

வயர்மேன் முதலில் பெட்டியைத்தான் சந்தேகித்தார். இரும்பு பீரோவின் பின்னால் கிடந்த ரூட்டரை வெளியே எடுத்து வைத்தார். மைக்ரோவேவ் அடுப்பைத் தள்ளி வைத்தார். ரூட்டரை அணைத்து, முப்பது வரை எண்ணிவிட்டு மறுபடி போட்டார். வைஃபை சேனலை மாற்றினார். எல்லாவற்றையும் மரியாதையாக வாங்கிக்கொண்டு, ஹப் மறுநாளும் பதினொரு மணிக்கு அணைந்தது.

"டீ குடிக்கப் போகுது மாப்ளே. அதுக்கும் இன்டர்வெல் வேணாமா?" என்றார் கண்டக்டர்.

அப்போதுதான் வயர்மேனுக்கு அந்த யோசனை வந்தது. கரண்ட் போனால் நேரத்தை மறந்துவிட்டு பன்னிரண்டு பன்னிரண்டு என்று கண் சிமிட்டும் பழைய மேசைக் கடிகாரம் ஒன்று அவரிடம் இருந்தது. ஹப் இருக்கும் அதே பிளக்கில் அதையும் சேர்த்து மாட்டினார். மறுநாள் மத்தியானம் வந்து பார்த்தால் கடிகாரம் கண் சிமிட்டியது. வீட்டில் மற்ற எந்த இடத்திலும் கரண்ட் போகவில்லை. ஆக, வைஃபை உத்தமன். சுவிட்சைத்தான் யாரோ அணைக்கிறார்கள்.

பதினொரு மணிக்கு வீட்டில் யார் இருப்பார்? நர்ஸ். வேறு யார்? யாருமில்லை.

அதை ஒரு தாளில் மூன்று வரியாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு டாக்டரம்மாவிடம் நேற்றுக் கொடுத்தார். எழுதி முடித்ததும் தாளைத் தூரத்தில் பிடித்து அழகு பார்த்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கதவைத் திறந்தது நர்ஸ்தான். நாற்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளை உடுப்பு. செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஜிப் போட்ட ஒரு பை தயாராக நின்றது.

"வாங்க. நீங்க வருவீங்கன்னு டாக்டரம்மா போன் பண்ணாங்க" என்றாள். "பதினொன்றரைக்கு எனக்கு ஏஜென்சி வண்டி வருது. அதுக்குள்ள ஐயாவைக் குளிப்பாட்டிட்டுப் போயிடறேன். புது ஆளு நாளைக்குத்தான் வருமாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் வயர்மேனுக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் பால்காரரிடம் பேசுவது போலச் சொன்னாள்.

கண்டக்டர் காதோரமாகக் குனிந்தார். "மாப்ளே, பாதி வழியில இறக்கி விட்ட ஆளு டிரைவருக்கு டாட்டா காட்டற மாதிரி இருக்கு. எனக்கு இது பிடிக்கலை."

அவளை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரர்கள் அவளுடைய கார்டில் ஒரு வரி எழுதுவார்கள் என்று வயர்மேனுக்குத் தெரியும். 'நம்பிக்கைக் குறைவு' என்று எழுதிவிட்டால் பிறகு எந்த வீட்டுப் படியும் அவளை ஏற்றாது. பத்தொன்பது வருஷக் கார்டு அது. இதுவரை ஒரு புகார் கிடையாது.

"ஏன் சிஸ்டர் அணைச்சீங்க?" என்று கேட்டார். "காரணத்தைச் சொன்னா நானே டாக்டரம்மாகிட்ட பேசுவேன்."

"நான் அணைக்கலைன்னு அன்னைக்கே சொன்னேன்."

"அப்ப யாரு?"

அவள் அவரை ஒரு நிமிஷம் நிதானமாகப் பார்த்தாள். "நீங்கதானே துப்பறியறவங்க?" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

வயர்மேன் கூடத்தில் ரூட்டர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தன் போனில் ஹப்பின் பச்சை அடையாளம் சரியாக எரிகிறதா என்று பார்த்தார். எரிந்தது. சமையலறை நிலையில் சாய்ந்து நின்ற கண்டக்டர், நர்ஸ் வெந்நீரை வாளியில் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், பதமா இருக்கான்னு எப்படிப் பாப்பீங்க?"

"முழங்கையை விட்டு."

"நான் வாயை விட்டுத்தான் பாப்பேன். அதான் எப்பவும் வெந்துடுது."

நர்ஸ் சிரிக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து வயர்மேனின் போன் 'டிங்' என்றது.

ஹப் இணைப்பில் இல்லை. மணி பதினொன்று நாலு.

வயர்மேன் தலையைத் தூக்கினார். நர்ஸ் எதிரே நின்றாள். ஒரு கையில் வாளியின் பிடி, இன்னொரு கை முழங்கை வரை தண்ணீருக்குள்.

"மாப்ளே" என்றார் கண்டக்டர், குரலை இறக்கி. "ஆளு இங்க நிக்குது. அணைச்ச கை எங்க இருக்கு?"

இதில் நர்ஸ் ஆச்சரியப்படவில்லை. அதைத்தான் வயர்மேன் கவனித்தார். கூட்டத்தில் யாரோ நல்லவருக்கு வேட்டி அவிழ்ந்துவிட்டால் நாம் எப்படிக் கண்ணை மூடிக்கொள்வோமோ, அப்படி அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வயர்மேன் எழுந்தார். மனதுக்குள் மறுபடியும் கணக்கெடுத்தார். டாக்டரம்மா கிளினிக்கில். நர்ஸ் இங்கே. நானும் மச்சானும் இங்கே. அவ்வளவுதானே வீட்டில் ஆள்?

அவ்வளவுதானா?

அந்த இடத்திலேயே அவருக்குக் காது மடல் சுட ஆரம்பித்துவிட்டது.

அறையில் பெரியவர் கழுத்து வரை போர்வையை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார். கண்கள் இறுக மூடியிருந்தன. தூங்குகிறவர் யாரும் அவ்வளவு இறுக்கமாக மூடமாட்டார்கள். கட்டிலுக்கு இடது பக்கச் சுவரில் ஹப் மாட்டியிருந்த சுவிட்ச் போர்டு. படுத்திருப்பவருக்கு எட்டாது. இன்னும் ஒரு ரெண்டடி வேண்டும்.

அந்த ரெண்டடி போர்வைக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு முனையிலும் பித்தளைப் பூண் போட்ட மர ஸ்கேல். தையல்காரர்கள் வைத்திருப்பது.

வயர்மேன் போர்டின் அருகே குனிந்தார். வெள்ளை சுவிட்சின் அடிவிளிம்பில் மஞ்சளாக, மெலிசாக, பத்துப் பதினைந்து கீறல்கள். பித்தளைக் கீறல். பதினைந்து நாளும் நாள் தவறாமல் ஸ்கேல் இங்கே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தது.

இந்த அறைக்கு அவர் நாலு தடவை வந்திருக்கிறார். இதே போர்டுக்கு முன்னால் நாலு தடவை நின்றிருக்கிறார். தலையணைப் பக்கத்தில் இந்த ஸ்கேலையும் பார்த்திருக்கிறார். முதுகு சொறியும் கோல் என்று விட்டுவிட்டார். கட்டில் ஒன்று, பீரோ ஒன்று, நோயாளி ஒன்று என்று பெரியவரையும் சாமான்களோடு சேர்த்துவிட்டார். அப்படி ஒரு வணக்கம்கூட வைக்காமல், முதுகைக் காட்டியபடி நாலு நாள் வேலை பார்த்திருக்கிறார்.

பெரியவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"பிடிச்சிட்டீங்களா?" வார்த்தை மெதுவாக வந்தது. ஈரத் துணியைப் பிழிவது போல ஒவ்வொன்றாக வந்தது. "நீங்க அந்தக் கடிகாரத்தை வச்சப்பவே நினைச்சேன், சிக்கிட்டோம்னு. என்னைக் கேப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் தம்பி. நீங்க என்கிட்ட கேக்கவே இல்லை."

வாசற்படியில் நின்ற கண்டக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"ஏன் ஐயா?" என்று வயர்மேன் கேட்டார்.

பெரியவர் கண்ணாலேயே கூரையைக் காட்டினார். மூலையில் கேமரா.

"பாப்பா கெட்ட எண்ணத்துல வைக்கலை. என் மேல உசுரு. ஒருநாள் சிஸ்டர் என்னைத் துடைச்சிட்டு இருக்கு. மேல துணி இல்லை. கீழயும் இல்லை. அப்ப மேலேருந்து பாப்பா குரல் வருது. 'சிஸ்டர், அப்பாவுக்குத் தொடை இடுக்குல நல்லா துடைங்க, புண்ணு வந்துடும்'னு."

பெரியவர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார்.

"டாக்டரா சொல்லிச்சு. சரியாத்தான் சொல்லிச்சு. ஆனா தம்பி, நான் அம்பது வருஷம் ஊருக்கெல்லாம் உடம்பை மறைக்கத் துணி தைச்சவன். பாப்பாவுக்கு முதல் பாவாடை தைச்சதும் இந்தக் கைதான். அது பாக்க நான் இப்படிக் கிடக்கிறதான்னு..." இடது கை போர்வையை இன்னும் மேலே இழுத்தது. "பாக்காதேன்னு எப்படிச் சொல்ல? சொன்னா, நீ பாத்துட்டேன்னு சொன்ன மாதிரி ஆயிடுமே. கேமரா எட்டலை. சுவிட்ச் எட்டிச்சு."

"சிஸ்டருக்குத் தெரியுமா?"

"ரெண்டாம் நாளே தெரியும். யாருகிட்டயும் சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டேன். நல்ல பொண்ணு. இன்னைக்கு லீவுல ஊருக்குப் போகுதாம்."

"லீவு இல்லைங்க." வயர்மேன் தரையைப் பார்த்தபடி சொன்னார். "நிறுத்திட்டாங்க. நான் எழுதிக் கொடுத்ததை வச்சு."

பெரியவரின் முகத்தில் அசையக்கூடிய பாதி, அசையாத பாதியைப் போல ஆகிவிட்டது. வாசலில் நர்ஸ் வாளியோடு வந்து நின்றாள்.

"ஐயா, தண்ணி ஆறுது" என்றாள்.

"ஏம்மா சொல்லலை?"

"சொன்னா நீங்க டாக்டரம்மாகிட்ட சொல்லுவீங்க. எனக்கு வேற வீடு கிடைக்கும். உங்களுக்கு வேற மக கிடைக்குமா?"

"போன் போடுங்க" என்றார் பெரியவர். "நானே சொல்றேன்." வயர்மேன் போனை எடுத்து நீட்டினார். பெரியவர் அதைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். கண்ணோரம் நனைந்து காதுப் பக்கம் ஓடியது. துடைக்க வேண்டிய கை போர்வையை விடவில்லை.

வெளியே வண்டி ஹாரன் அடித்தது.

வயர்மேன் போனைத் திரும்ப எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். பின்னாலேயே கண்டக்டர். "மாப்ளே, இவரைக் காட்டிக் கொடுத்தா அது பொழைக்கும். காட்டிக் கொடுக்கலைன்னா அது போயிடும். எந்த ஸ்டாப்புல இறங்கப் போறே?"

"நான்தான் மச்சான் இறங்கணும்."

ஏஜென்சிக்காரர் பேனாவும் கார்டுமாக வண்டியில் சாய்ந்து நின்றார். வயர்மேன் அவர் எதிரிலேயே டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். கிளினிக்கில் பல் குடையும் கருவி ஓடும் சத்தம் போனில் கேட்டது.

"மேடம், நான் நேத்து எழுதிக் கொடுத்தது தப்பு. சிஸ்டர் மேல ஒண்ணுமில்லை. சுவிட்ச் லூஸ். நாலு தடவை பாத்தும் நான் கவனிக்கலை. கோளாறு என் வேலையிலதான்."

"தினமும் பதினோரு மணிக்கு மட்டும் லூஸாகுமா?"

வயர்மேன் முழித்தார். கண்டக்டர் போன் பக்கம் வாயை நீட்டினார். "மேடம், பக்கத்து வீட்டுல பதினோரு மணிக்கு மோட்டார் போடறாங்க. சுவரு அதிருது."

"பக்கத்துல வீடே இல்லையே. காலி மனைதானே?"

கண்டக்டர் ஓரடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

போனில் சிறிது நேரம் கருவிச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு டாக்டரம்மா கேட்டார். "முதல் தடவை அணைஞ்சது என்னைக்கு? உங்க போன்ல இருக்குமே."

"பத்தாம் தேதி."

"ஒன்பதாம் தேதி நான்..."

கருவி நின்றது. அந்தப் பக்கம் வாயைத் திறந்தபடி எந்த நோயாளி காத்திருந்தாரோ தெரியாது.

"ஒன்பதாம் தேதி நான் கேமராவில பேசினேன்" என்றார் டாக்டரம்மா. குரல் யாரோ சின்னப் பெண்ணுடையது போல இருந்தது. "நான் நினைச்சேன்... நான் நினைக்கவே இல்லை."

வயர்மேன் போனை மறு காதுக்கு மாற்றினார். ஆமாம் என்றால் பெரியவருக்குச் செய்த துரோகம். இல்லை என்றால் பொய்.

"சுவிட்ச் லூஸ்தான்" என்றார் டாக்டரம்மா கடைசியில். "அப்பாகிட்டயும் அப்படியே சொல்லிடுங்க. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. அந்த ரூம் கேமரா ரிப்பேர்னு சொல்லிக் கழட்டிடுங்க. ஏஜென்சிக்காரர்கிட்ட போனைக் கொடுங்க. சிஸ்டர்கிட்ட சாயந்தரம் நான் நேர்ல... எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் பேசறதுன்னு தெரியலை."

ஏஜென்சிக்காரர் போனில் இரண்டு நிமிஷம் கேட்டார். கொடுத்துவிட்டு வயர்மேனை மேலும் கீழும் பார்த்தார். "உங்க பேப்பரை நம்பித்தானே இவ்வளவு தூரம் வந்தேன்? வாயால சொன்னா எனக்குப் பத்தாது. எழுதிக் கொடுங்க."

வயர்மேன் வண்டியின் முன்பக்கத் தகரத்தில் தாளை வைத்து எழுதினார். வெயிலில் தகரம் கொதித்தது. 'நான் நேற்று எழுதியது தவறு. குற்றம் என் வேலையில். நர்ஸ் மீது இல்லை.' இந்த முறை தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. மடித்து நீட்டினார். தன் வேலையில் குற்றம் என்று எழுதிக் கொடுத்தவனை இனி எவன் வேலைக்குக் கூப்பிடுவான்? ஏஜென்சிக்காரர் பத்து வீட்டுக்குப் போகிறவர். பத்து வீட்டிலும் சொல்லுவார்.

"நம்ம பொழப்பையே கிழிச்சுக் கொடுத்துட்டியே" என்றார் கண்டக்டர். ஆனால் தோளில் கை போட்டுக்கொண்டுதான் சொன்னார்.

வண்டி காலியாகத் திரும்பிப் போனது. உள்ளே வந்த வயர்மேன், வழியில் நின்ற பையை எடுத்து நர்ஸின் அறைப் பக்கம் வைத்தார். நர்ஸ் எதிரே வந்தாள்.

"சிஸ்டர்..." என்று ஆரம்பித்தார். வழியெல்லாம் நாலு வாக்கியம் தயார் செய்துகொண்டு வந்தார்.

"தண்ணி ஆறிப் போச்சு" என்றாள் அவள். "இன்னொரு வாளி காய வச்சு எடுத்துட்டு வாங்க. முழங்கையை விட்டுப் பாருங்க. வாயை விடாதீங்க."

அவர் காய வைத்தார். முழங்கையை விட்டுப் பார்த்தார். வாளியை அறைக்குள் வைத்தார். நாற்காலி போட்டு ஏறி, முழங்கால் முனக முனக, கூரை மூலைக் கேமராவைக் கழற்றினார்.

"சுவிட்ச் லூஸாம் ஐயா. டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன். சிஸ்டர் எங்கயும் போகலை. கேமராவும் ரிப்பேர்" என்றார், கூரையைப் பார்த்தபடியே.

பித்தளைப் பூண் போர்டில் தட்டும் சத்தம் கேட்டது. ஹப் மறுபடி பச்சையாக எரிந்தது.

வயர்மேன் இறங்கி வெளியே வந்து கதவைச் சாத்தினார். நோயாளி அறை என்று தாழ்ப்பாளை முன்னமே எடுத்திருந்தார்கள். கதவு ஒரு விரல்கடை திறந்துகொண்டது. மறுபடி சாத்தினார். மறுபடி திறந்தது. அதில் முதுகைச் சாய்த்து, கூடத்தைப் பார்த்து நின்றுகொண்டார். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

கண்டக்டர் வந்து எட்டிப் பார்த்தார். "ஏன் மாப்ளே இங்கயே நிக்கிறே?"

"தாழ்ப்பாள் இல்லை மச்சான்."

கண்டக்டர் வாசல் கதவருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார்.